மூலைவிட்டத்தை அளந்தீர்களா?

வீடு கட்ட அனுமதி கேட்டுக் கொடுக்கும் வரைபடம் பற்றி இந்த முறை நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முப்பது வருடத்துக்கு மேல் சின்னச் சின்ன வீடுகளாகவே வரைந்தவள் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மனை எல்லைக்கும் வீட்டுக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளி எவ்வளவு, உயரம் எவ்வளவு என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அந்த விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: அம்மா, எங்கள் மனை 12 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நான்கு பக்கத்தையும் நானே டேப் பிடித்து அளந்து கொடுத்தேன். ஆனாலும் ‘வரைபடம் மனையோடு பொருந்தவில்லை’ என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. எங்கே தவறு?

தம்பி, நான்கு பக்கம் அளந்தீர்கள், சரி. மூலைக்கு மூலை அளந்தீர்களா?

நான்கு குச்சிகளை மூலையில் ஆணி அடித்து ஒரு சட்டமாக்குங்கள். ஒரு பக்கத்தை லேசாகத் தள்ளினால் சட்டம் சாய்ந்துவிடும். குச்சிகளின் நீளம் அப்படியேதான் இருக்கும், சட்டத்துக்குள் இருக்கும் இடம் மட்டும் குறைந்துவிடும். மனையும் அப்படித்தான். நான்கு பக்க அளவு மட்டும் தெரிந்தால் அதன் வடிவம் தெரியாது. உங்கள் மனை உண்மையிலேயே நேர்ச் செவ்வகம் என்றால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 15 மீட்டர் வர வேண்டும்.

வேலைக்கு வந்த புதிதில் இதே தவறை நான் செய்திருக்கிறேன். கணக்கு எளிதாக இருக்க உங்கள் மனை அளவிலேயே சொல்கிறேன். நான்கு பக்கம் அளந்தேன், செவ்வகம் என்று எடுத்துக்கொண்டேன், இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட்டு நடுவில் 6 மீட்டர் அகலத்துக்கு வீட்டை வரைந்தேன். அனுமதியும் கிடைத்தது. அஸ்திவாரத்துக்கு நூல் கட்டிய அன்றுதான் இடம் போதவில்லை என்று தெரிந்தது. பதறிப்போய் மூலைக்கு மூலை அளந்தால் ஒன்று 16.20, இன்னொன்று 13.69. மனை சாய்ந்திருந்தது. இரண்டு நீளப் பக்கங்களுக்கும் நடுவே நேர்க்குறுக்காக அளந்தால் 9 மீட்டர் இல்லை, 8.86தான். அந்த 14 சென்டிமீட்டருக்காக எல்லாத் தாளையும் மறுபடி வரைந்து, மறுபடி விண்ணப்பித்தோம். கட்டிய நூலையே பார்த்துக்கொண்டு அந்த வீட்டுக்காரர் பேசாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்றிலிருந்து ஆறு அளவு இல்லாமல் நான் எந்த மனையையும் வரைந்ததில்லை: நான்கு பக்கம், இரண்டு மூலைவிட்டம். ஒரு மூலைவிட்டம் மனையை இரண்டு முக்கோணமாக்கும். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தெரிந்தால் வடிவம் மாறவே முடியாது. இரண்டாவது மூலைவிட்டம், அளந்தது சரிதானா என்று சோதிக்க.

இன்னொன்றையும் பாருங்கள். முதலில் அடியில் அளந்துவிட்டு அப்புறம் மீட்டருக்கு மாற்றினீர்களா? ஒரு அடி என்பது 30.48 சென்டிமீட்டர். 30 என்று சுருக்கிக்கொண்டால் 40 அடியில் 19 சென்டிமீட்டர் காணாமல் போய்விடும்.

ஆவணத்தில் ஓர் அளவு, தரையில் ஓர் அளவு என்று வந்தால் வரைவதை நிறுத்திவிடுங்கள். படத்தில் ‘சரிக்கட்டி’ அனுப்பாதீர்கள். முறையாக நில அளவை செய்து எல்லையையும் ஆவணத்தையும் ஒன்றாக்கிய பிறகு வரையலாம். தாமதம்தான், வேறு வழியில்லை.

கேள்வி: அறைகளின் அளவை எல்லாம் நானும் என் கணவரும் கூட்டிப் பார்த்தோம். 59.40 சதுர மீட்டர்தான் வருகிறது. வரைந்தவர் 70.56 என்று எழுதியிருக்கிறார். கட்டணம் அதிகமாக வர வேண்டும் என்று கூட்டி எழுதிவிட்டாரோ என்று சந்தேகமாக இருக்கிறது அம்மா.

நீங்கள் அனுப்பிய படத்தை அளவு அளவாகப் பார்த்தேன். அவர் மேல் தவறு இல்லை. நீங்கள் சுவரை விட்டுவிட்டீர்கள்.

குறுக்கே 3.00, 3.60 என்று இரண்டு அறை. கூட்டினால் 6.60. ஆனால் அங்கே 20 சென்டிமீட்டர் சுவர் மூன்று இருக்கிறது, ஆக 7.20. நீளவாக்கில் மூன்று மூன்று மீட்டராக மூன்று அறை, நான்கு சுவர், ஆக 9.80. பெருக்கிப் பாருங்கள், 70.56 வரும். உங்கள் கணக்குக்கும் அவர் கணக்குக்கும் உள்ள வித்தியாசமான 11.16 சதுர மீட்டர் முழுக்கச் சுவர் நிற்கும் இடம். சின்ன வீட்டில் சுவர் இவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளும் என்று பலரும் நினைப்பதில்லை.

கூட்டிப் பார்த்தீர்களே, அதற்காக உங்கள் இருவரையும் பாராட்டுகிறேன். பரிசோதிப்பவரும் முதலில் இதைத்தான் செய்வார். அறை, சுவர், அறை, சுவர் என்று கூட்டிக்கொண்டே போனால் வெளி அளவு வர வேண்டும். கீழே எழுதிய அளவும் மேலே எழுதிய அளவும் 5 சென்டிமீட்டர் வேறுபட்டால் கூடத் தாள் திரும்பி வரலாம். பணம் கொடுப்பதற்கு முன்னால் எல்லாத் தாளையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: தரைத்தளப் படமும் முகப்புப் படமும் நன்றாகவே இருக்கின்றன. செக்‌ஷன் என்று வீட்டை வெட்டிக் காட்டும் படம் எதற்கு? மாடிப்படிக்கு 2.40 மீட்டர் நீளம் ஒதுக்கி, நடு மேடைக்கு அடியில் ஒரு கழிப்பறையும் வைத்திருக்கிறேன்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதியே முதல் பாதிக்குப் பதில். செக்‌ஷன் வரைந்திருந்தால் அந்தப் படியும் கழிப்பறையும் அங்கே வராது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 18 படி ஏற வேண்டும், ஒவ்வொன்றும் 16.7 சென்டிமீட்டர் உயரம். திரும்பி ஏறும் படி என்பதால் பாதிக்கு 9. ஒன்பது ஏற்றத்துக்குக் கால் வைக்கும் பலகை எட்டுதான், ஒன்பதாவது அடி மேடையில் விழும். பலகை 27 சென்டிமீட்டர் என்றால் எட்டுக்கு 2.16. மேடை 90 சென்டிமீட்டர். மொத்தம் 3.06 மீட்டர். உங்களிடம் இருப்பது 2.40. பலகையைக் குறுக்கினால் இறங்கும்போது குதிகால்தான் பதியும், வயதானவர்கள் வழுக்கி விழுவார்கள். படியின் உயரத்தை இரண்டு மடங்காக்கிப் பலகை அகலத்தோடு கூட்டினால் மனிதரின் ஒரு நடை நீளம் வர வேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சில் புளோந்தெல் என்ற கட்டடக் கலைஞர் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஏறக்குறைய 60 முதல் 65 சென்டிமீட்டருக்குள் வந்தால் கால் தடுமாறாது. மேலே சொன்ன அளவில் 60க்குச் சற்று மேல் வருகிறது.

அப்புறம் கழிப்பறை. ஒன்பது படி ஏறினால் நடு மேடை தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். அதன் கான்கிரீட் தடிமன் 15 சென்டிமீட்டரைக் கழித்தால் கீழே 1.35 மீட்டர் உயரம்தான் மிஞ்சும். ஆள் நிமிர்ந்து நிற்க முடியாது. தரைத்தளப் படத்தில் இது தெரியவே தெரியாது. மேலிருந்து பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதனால்தான் வீட்டை எங்கே வெட்டிக் காட்டுகிறோம் என்று குறிக்கும் வெட்டுக்கோட்டை எப்போதும் படி வழியாகவும், முடிந்தால் கழிப்பறை வழியாகவும் கொண்டு போகச் சொல்கிறேன். ஒன்றும் இல்லாத படுக்கையறையை வெட்டிக் காட்டுவதால் உங்களுக்கும் பயனில்லை, பரிசோதிப்பவருக்கும் பயனில்லை. அஸ்திவார ஆழம், தரை மட்டம், ஜன்னல் மேல்மட்டம், கூரை உயரம் எல்லாம் அந்த ஒரே படத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

கேள்வி: கணினியில் 1:100 என்று சரியாக வரைந்தேன். அச்செடுத்துக் கொடுத்தால் ‘ஸ்கேல் தவறு’ என்கிறார்கள்.

அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வு இருந்திருக்கும், படம் சுருங்கிவிட்டது. ஏ3 தாளுக்கு வரைந்ததை ஏ4-இல் சுருக்கினால் 1:100 என்பது ஏறக்குறைய 1:141 ஆகிவிடும். அசல் அளவில் அச்சிட்டு, ஸ்கேல் வைத்து ஒரு சுவரையாவது அளந்து பாருங்கள்: 12 மீட்டர் என்றால் தாளில் 12 சென்டிமீட்டர் வர வேண்டும். ஓரத்தில் மீட்டர் மீட்டராகக் குறித்த ஒரு அளவுக் கட்டையும் வரைந்துவிடுங்கள். தாள் சுருங்கினால் அதுவும் கூடவே சுருங்கும், யாரும் ஏமாற மாட்டார்கள்.

கேள்வி: மாடியைச் சில வருடம் கழித்துத்தான் கட்டப் போகிறோம். இப்போதே சேர்த்துக் காட்டலாமா?

இப்போது கட்டுவதை மட்டும் அனுமதிக்குக் கொடுங்கள். அனுமதிக்குக் காலவரம்பு உண்டு, கட்டாத மாடி காலாவதியாகிவிடும். ஆனால் அஸ்திவாரத்தையும் தூண்களையும் கணக்கிடும் பொறியாளரிடம் மாடி வரும் என்பதை இன்றே சொல்லிவிடுங்கள், படிக்கான இடத்தையும் ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: வரைபடத்தை நானே வரைந்துவிட்டேன். தெரிந்தவர் ஒருவர் மனைக்கு வராமலே கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிறேன் என்கிறார். வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம் அம்மா. நீங்களே வரைந்ததில் எனக்கு நிறையச் சந்தோஷம். தன் வீட்டைத் தானே வரைந்தவருக்கு எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது வரை தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுபவர் மனையில் வந்து நிற்க வேண்டும். தெரு மட்டம் எங்கே, மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் செப்டிக் டேங்குக்கு எவ்வளவு தூரம், மேலே மின்கம்பி போகிறதா என்பதெல்லாம் தாளைப் பார்த்து அவருக்குத் தெரியாது. உங்கள் மனைப் படத்தில் கிணறும் இல்லை, கழிவுநீர்க் குழாய் போகும் வழியும் இல்லை, வடக்குக் குறியும் இல்லை. தகுதியுள்ள ஒருவரை ஒரு காலைப் பொழுது மனைக்கு அழைத்து வாருங்கள். டேப்பின் ஒரு முனையை நீங்கள் பிடியுங்கள், மறு முனையை அவர் பிடிக்கட்டும். மூலைவிட்டத்திலிருந்து தொடங்குங்கள்.