விறகும் சாணமும் உமியும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சீமைக்கருவேல விறகில் ஓடும் மின் ஆலைகளைப் 'பசுமை மின்சாரம்' என்கிறார்கள். விறகோ நிலக்கரியோ, புகைபோக்கியில் வருவது ஒரே கரியமில வாயுதானே?
– வாசகர், மானாமதுரை

ஒரே வாயுதான். சொல்லப்போனால் விறகில்தான் அதிகம். ஒரு கிகாஜூல் வெப்பத்துக்கு விறகு 112 கிலோ, நிலக்கரி சுமார் 95 கிலோ கரியமில வாயுவை விடும் என்பது ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. தரும் கணக்கு. தவிர, 10 மெகாவாட் அளவுள்ள சிறு ஆலை, விறகின் வெப்பத்தில் 20–25 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கும். பெரிய அனல் மின் நிலையம் 35 சதவீதத்துக்கு மேல் எடுத்துவிடும். யூனிட்டுக்கு யூனிட் பார்த்தால் விறகு ஆலையின் புகைபோக்கி ஏறக்குறைய இரண்டு மடங்கு கக்குகிறது.

வித்தியாசத்தை வெட்டிய இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அடிக்கட்டையை விட்டு வெட்டினால் சீமைக்கருவேலம் மறுபடி துளிர்த்து, மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த வெட்டுக்கு வந்துவிடும். எரித்தபோது போன கார்பனை அதற்குள் திரும்ப இழுத்துக்கொள்ளும். பொக்லைன் வைத்து வேரோடு பிடுங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. ஆனால் பிடுங்கியதை வரப்பிலேயே குவித்துக் கொளுத்துவதாக இருந்தால், ஆலைக்கு அனுப்புவது லாபம்தான். எப்படியும் போகிற கார்பன், போகும்போது கொஞ்சம் நிலக்கரியை மிச்சப்படுத்திவிட்டுப் போகிறது. எரிக்காவிட்டால் அந்தப் பொருள் என்ன ஆகியிருக்கும்? எந்த ஆலையைப் பற்றிக் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும். இங்கிலாந்தின் டிராக்ஸ் மின் நிலையம் வட அமெரிக்காவிலிருந்து மரத்துகள் வில்லைகளைக் கப்பலில் கொண்டுவந்து எரிக்கிறது. அதற்காக வளர்ந்த மரங்களை வெட்டினால், அவை பழைய அளவுக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆகும். சர்வதேச விதிப்படி எரித்த நாட்டின் மின்துறைக் கணக்கில் அது பூஜ்யம்; வெட்டிய நாட்டின் நிலக் கணக்கில்தான் கழிக்கப்படுகிறது. காகிதத்தில் சரி, காற்றுக்கு அது தெரியாது.

லாரியில் கொண்டுவரும் டீசலை நினைத்துப் பலர் கவலைப்படுகிறார்கள். 10 டன் விறகை 100 கிலோமீட்டர் கொண்டுவந்தால், போகவர 50 லிட்டர் டீசல், சுமார் 135 கிலோ கரியமில வாயு. அந்த விறகால் மிச்சமாகும் நிலக்கரிப் புகையில் இது ஒன்றரை சதவீதம்தான். ஈரம்தான் பெரிய திருடன். பச்சை விறகின் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். அதிலிருந்து கிலோவுக்கு 8 மெகாஜூல் கிடைத்தால், 20 சதவீத ஈரத்துக்குக் காய்ந்ததில் 14–15 கிடைக்கும்.

கேள்வி: 5 மாடுகள், 2 கன மீட்டர் கோபர் கேஸ் கலன் (மண்ணுக்குள் நிலையான குவிமாடம் கட்டும் தீனபந்து வகை). சில நாள் சுடர் துள்ளுகிறது, சில நாள் பற்றவே மாட்டேன் என்கிறது. இதனால் பருவநிலைக்கு நிஜமாகவே நன்மை உண்டா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

சுடர் துள்ளினால் குழாயில் தண்ணீர் நிற்கிறது. வாயுவோடு வரும் ஆவி குளிர்ந்து, குழாய் தொய்ந்த இடத்தில் தேங்கும். 100 அடிக்கு 1 அடி சரிவு கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ஒரு டி மூட்டும் வடிகால் குழாயும் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் போதும். பழைய சிலிண்டர் அடுப்பையே மாட்டியிருந்தால் அதன் நாசில் துளை சிறிது. கோபர் கேஸுக்கென உள்ள அடுப்பை வாங்குவதே நல்லது.

பற்றாமல் போவது பெரும்பாலும் கலன் புளித்துப்போவதால். மிஞ்சிய சோறு, பழத்தோல் என்று ஒரே நாளில் கொட்டினால் அமிலம் கூடி, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். வாயு வரும், ஆனால் பெரும்பகுதி கரியமில வாயு. கரைசலின் புளிப்பைக் காட்டும், லிட்மஸ் போன்ற பி.எச். தாளில் 6.5-க்குக் கீழே காட்டினால் ஒரு வாரம் எதையும் போடாதீர்கள். பிறகு சாணக் கரைசலை மட்டும் கால் பங்கிலிருந்து ஆரம்பியுங்கள். முழு அளவு தினம் 50 கிலோ சாணம், 50 லிட்டர் தண்ணீர். மணலையும் வைக்கோல் துணுக்கையும் கரைக்கும் தொட்டியிலேயே எடுத்துவிடுங்கள்: மணல் அடியில் படியும், வைக்கோல் மேலே ஆடை கட்டும். பினாயில் கலந்த கொட்டகைத் தண்ணீர் உள்ளே போகவே கூடாது. மார்கழிக் குளிரில் வாயு குறைவது இயல்பு. வெந்நீரில் கரைத்தால் கொஞ்சம் தேறும். என்ன ஆனாலும் கலனுக்குள் ஆளை இறக்காதீர்கள். உள்ளே மூச்சு நின்றுவிடும், தூக்கப் போனவருக்கும் அதே கதிதான்.

இனி பருவநிலை. 2 கன மீட்டர் வாயு சுமார் 0.86 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். மாதம் ஏறக்குறைய இரண்டு சிலிண்டர் மிச்சம், ஒரு நாளைக்கு 2.6 கிலோ கரியமில வாயு குறையும். ஆனால் அதே 2 கன மீட்டரில் முக்கால் கிலோ மீத்தேன் இருக்கிறது. 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல 27 மடங்கு சூடேற்றும். 20 கிலோவுக்குச் சமம். அதாவது எட்டில் ஒரு பங்கு கசிந்தாலே உங்கள் நன்மை முழுதும் போய்விடும்! வால்வு, மூட்டு, குவிமாடத்தின் கழுத்து எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள் (தீக்குச்சி வேண்டாம்). வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிற வாரத்தில் சாணம் ஊற்றாதீர்கள். எரிக்காத வாயு கரைசல் தொட்டி வழியாகக் கொப்பளித்து வெளியேறும்.

கேள்வி: விறகு அடுப்பா, சமையல் கேஸா? பருவநிலைக்கு எது நல்லது?
– வாசகி, திருமயம்

கேஸ். சாதாரண விறகு அடுப்பில் 10–15 சதவீத வெப்பம்தான் பாத்திரத்தில் ஏறுகிறது. மீதிப் புகையில் கரித்துகளும் மீத்தேனும் இருக்கின்றன. உங்கள் நுரையீரல் தனிக் கணக்கு.

கேள்வி: அரிசி ஆலை பாய்லரில் உமியோடு வைக்கோலும் சேர்த்தோம். குழாய்களில் கண்ணாடிபோல் கட்டி பிடித்துவிட்டது. ஏன்?
– வாசகர், காங்கேயம்

உமிச் சாம்பலும் வைக்கோல் சாம்பலும் ஒரே ஜாதி இல்லை. உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிகா (மணலில் இருக்கும் அதே பொருள்). குழாயைத் தேய்க்குமே தவிர எளிதில் உருகாது. வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம். பொட்டாசியம் சிலிகாவோடு சேர்ந்து 800 டிகிரியை ஒட்டியே இளகி, குழாயில் அப்பிக்கொள்ளும். குளோரின் அடியில் இரும்பை அரிக்கும். எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வைக்கோல் வேண்டாம். இரண்டு மூன்று மழை நனைந்து, சாம்பல் நிறமாகி, மறுபடி காய்ந்த வைக்கோலில் இந்த இரண்டு உப்பும் பெருமளவு கழுவப்பட்டிருக்கும், அது பரவாயில்லை. மாடு தின்னும் நல்ல வைக்கோலைப் பாய்லரில் போடுவதற்கு எந்த நியாயமும் கிடையாது. இன்னொன்று: உமியை வெளியே நல்ல விலைக்கு விற்றுவிட்டு நெல் அவிக்க நிலக்கரி வாங்குகிற ஆலைகள் உண்டு. அங்கே யார் எந்தப் பசுமைச் சான்றிதழ் வாங்கினாலும் புகை குறையவில்லை.

கேள்வி: கரிமூட்டம் போட்டு எடுக்கும் கரியை நிலத்தில் புதைத்தால் கார்பன் சேமிப்பு என்கிறார்களே?
– வாசகர், பரமக்குடி

மண்ணில் போட்டால் சேமிப்பு. ஊர் ஊராகப் போய் அடுப்பில் எரிந்தால் இல்லை. நல்ல கரியில் முக்கால் பங்கு கார்பன்; ஒரு கிலோ கரி மண்ணில் தங்கினால் சுமார் 2.8 கிலோ கரியமில வாயு காற்றுக்குப் போகாமல் நிற்கிறது, பெரும்பகுதி நூற்றாண்டுகளுக்கு.

சிக்கல் மூட்டத்தில்தான். 4–5 கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரிதான் தேறும். மீதியில் கணிசமானது மீத்தேனாகவும் தாராகவும் புகையில் போகிறது. காய்ந்த விறகையே அடுக்குங்கள். வெள்ளைப் புகை தண்ணீர் ஆவி. மஞ்சள் கலந்த அடர்ந்த புகை வந்தால் எரியக்கூடிய வாயு வீணாகிறது. மெல்லிய நீலமானதும் துளைகளை மண் போட்டு அடைக்க வேண்டும், தாமதித்தால் கரியே எரிய ஆரம்பிக்கும். அந்தப் புகையைக் குழாய் வழியாகத் திருப்பி அடியிலேயே எரிக்கும் மூடிய உலை இதைவிட எவ்வளவோ மேல்.

கரியை அப்படியே வயலில் போட்டால் முதல் போகத்தில் தழைச்சத்தை அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். பொடித்து, இரண்டு வாரம் சாணக் கரைசலில் ஊறவைத்து, சென்ட்டுக்கு 20 கிலோ போடுங்கள். புளிப்பான செம்மண்ணில் பலன் நன்றாகத் தெரியும். உங்கள் பக்கத்துக் களர் நிலத்தில் போடாதீர்கள். கரியும் காரம், அந்த மண்ணும் காரம்.