முட்டுவலிக்காரர் களியல் ஆடலாமா?

வணக்கம்.

அம்மைக்கு 61 வயது. சர்க்கரை, பிரஷர், முட்டுவலி மூன்றும் உண்டு. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். எங்கள் ரோடு ஏற்றமும் இறக்கமுமாகக் கிடக்கிறது, இறங்கும்போதுதான் வலி கூடுகிறது. யூடியூப் பார்த்து நடன உடற்பயிற்சி செய்தார்; மூன்றாம் நாள் முட்டு வீங்கிவிட்டது. ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லவா?

ஒரு வாசகி, கருங்கல்

அன்புள்ள சகோதரிக்கு,

வீக்கம் வற்றும்வரை மட்டும் நிறுத்துங்கள். வீங்கிய இடம் சூடாகவோ சிவந்தோ இருந்தால், கால் ஊன்ற முடியாவிட்டால், முதலில் டாக்டரிடம் காட்டுங்கள்.

முட்டு கதவுக் கீல் மாதிரி. மடங்கும், நீளும், திரும்புவதற்கு அதில் இடம் மிகக் குறைவு. பாதத்தை ஊன்றியபடி உடம்பைத் திருப்பினால் அந்த முறுக்கு முழுவதும் முட்டில்தான் விழும். வேகமான வீடியோக்களில் இந்தத் திருப்பம்தான் அதிகம். முட்டை ஆழமாக மடக்கும்போது முட்டுச்சிரட்டைக்குப் பின்னால் அழுத்தம் ஏறும். இறக்கத்தில் வலிப்பதற்கும் அதுவே காரணம்.

அம்மைக்கு நான் சொல்வது நம்மூர்க் களியலின் முதல் சுற்று. கையில் கம்போடு குத்துவிளக்கைச் சுற்றி மெல்லத் தொடங்கி, ஆசானின் பாட்டுக்கும் தாளத்துக்கும் வேகம் ஏறும் ஆட்டம் அது. மெதுவான தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குனிவதும் குதிப்பதும் வேண்டாம். கம்பும் இப்போது வேண்டாம், கைதட்டினால் போதும்.

விளக்கின் இடத்தில் கனமான நாற்காலி ஒன்றைப் போடுங்கள். முதலில் அதில் உட்கார்ந்து குதிகாலையும் விரலையும் மாற்றி மாற்றித் தட்டி, தோளைச் சுழற்றி உடம்பைச் சூடாக்க வேண்டும். பிறகு எழுந்து வலக்காலைப் பக்கவாட்டில் வைத்து இடக்காலைச் சேர்த்து ஒரு தட்டு. அதே போல இடப்பக்கம். எட்டு முறை ஆனதும் நாற்காலியைச் சுற்றலாம்: மூன்று அடி நடை, நான்காவதில் பாரம் போடாமல் விரல்நுனியால் தரையைத் தொட்டுக் கைதட்டு. திசை மாற்றும்போது சுழலக் கூடாது, காலைத் தூக்கித் தூக்கி நான்கு சின்ன அடியில் திரும்பட்டும். கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும்.

நிமிடத்துக்கு 80 தட்டு போதும். செல்போனில் சீராகத் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலி போட்டுக்கொள்ளலாம். முதல் வாரம் பத்து நிமிடம், ஐந்து நாள். வாரம் ஐந்து நிமிடமாகக் கூட்டி 30க்குக் கொண்டுவந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் ஆகிவிடும். அதற்குப் பிறகுதான் தாளத்தை 100 வரை ஏற்றலாம். ஆடிக்கொண்டே பேச முடியவேண்டும். மூச்சு வாங்கி வாக்கியம் அறுந்தால் வேகம் அதிகம். நாடியை நம்ப வேண்டாம். சில பிரஷர் மாத்திரைகள் அதை ஏறவிடாது. முடிக்கும்போது சட்டென்று நிற்காமல் மூன்று நிமிடம் மெல்ல நடக்கட்டும். நின்றுவிட்டால் ரத்தம் காலில் தங்கித் தலை சுற்றும்.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் ஆட வேண்டாம். சர்க்கரை அளவு இறங்கி நடுக்கமோ வியர்வையோ வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கருப்பட்டியைக் கடித்துத் தின்ன நேரமாகும். பாதத்தில் மரமரப்பு இருந்தால் வெறுங்காலில் ஆடக் கூடாது, பிடிமானமுள்ள ஷூ வேண்டும். டைல்ஸ் தரையில் சாக்ஸ் மட்டும் போட்டால் வழுக்கும். மழைக்காலத்தில் திண்ணையில் சாரல் விழுந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மனசுக்கும் இதில் பலன் உண்டு. அடுத்த அடியை நினைவில் வைத்து, தாளத்தைக் கேட்டு, பக்கத்தில் ஆடுகிறவரோடு ஒத்துப்போவது மூளைக்கு நல்ல வேலை. நியூயார்க்கில் முதியவர்களிடம் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வில், உடலசைவுப் பொழுதுபோக்குகளில் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவதோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. நடனம்தான் தடுத்தது என்று அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அடி பழகியதும் அதை மாற்றிக்கொண்டே இருங்கள்: ஒரு பாட்டுக்கு வலமாக, அடுத்ததற்கு இடமாக. பக்கத்து வீட்டு அக்காமார் மூன்று பேரைக் கூப்பிட்டு முற்றத்தில் வட்டம் கட்டினால் இன்னும் நல்லது.

மறுநாள் காலையில் வலி பழையதைவிடக் கூடியிருந்தால் அன்றைக்கு நேரத்தைப் பாதியாக்குங்கள். வீங்கினால் ஓய்வு.