12 ரூபாய் ஏற்றத்துக்குப் பயந்து மூன்றாவது போர்வெல் வேண்டாம்

கேள்வி: பெங்களூரில் சொந்த வீடு. கீழே நாங்கள், மாடியில் கொழுந்தனார் குடும்பம். காவிரித் தண்ணீர் 20,000 லிட்டருக்கு மாதம் 400 ரூபாய் கட்டுகிறோம். போதாததற்கு இரண்டு டாங்கர். 2025 ஏப்ரலில் கட்டணத்தை ஏற்றினார்கள், இனி வருடா வருடம் 3% ஏறுமாம். 2024 கோடையில் 4 லட்சம் பர்சனல் லோன் வாங்கிப் போர் (ஆழ்துளைக் கிணறு) போட்டோம், தண்ணீர் இல்லை. போன வருடம் அதன்மேலேயே டாப்-அப் (கூடுதல் கடன்) வாங்கி இரண்டாவது போர். 1,150 அடியிலும் புழுதிதான் பறந்தது. இப்போது கடன் பாக்கி 4.7 லட்சம், வட்டி 14%, இஎம்ஐ 12,800. 'சொந்தத் தண்ணீர் இருந்தால் கட்டணம் ஏறினாலும் கவலையில்லை, இன்னும் 3 லட்சம் டாப்-அப் வாங்கலாம்' என்கிறார் கொழுந்தனார். ஏஜென்ட் ஒருவர் தண்ணீர் கம்பெனிகளில் போடும் ஃபண்டில் மாதம் 5,000 எஸ்ஐபி (மாதாமாத முதலீடு) போடச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, நீங்கள் பயப்படும் ஏற்றத்தை முதலில் ரூபாயில் பாருங்கள். 400-க்கு 3% என்றால் மாதம் 12 ரூபாய். பத்து வருடம் விடாமல் ஏறினாலும் பில் 540-ஐத் தாண்டாது. 2025-ல் ஏற்றியதும் 2014-க்குப் பிறகு முதல் முறை. அப்போது ஏற்றியது முதல் 8,000 லிட்டருக்கு லிட்டருக்கு 0.15 பைசா, 50,000 லிட்டருக்கு மேல் செலவழிப்பவர்களுக்குத்தான் 1 பைசா. அந்த 1 பைசாவையே உங்கள் 20,000 லிட்டர் முழுவதற்கும் போட்டாலும் 200 ரூபாய்தான். உண்மையில் அதைவிடக் குறைவு.

இப்போது கடனைப் பாருங்கள். டாப்-அப் வாங்கிய பிறகு கட்டிய பன்னிரண்டு தவணையில் வட்டி மட்டும் சுமார் 72,000. ஒரு நாளுக்கு 200 ரூபாய், ஒரு சொட்டுத் தண்ணீர் தராத இரண்டு குழிகளுக்காக. உங்கள் வீட்டுக் கணக்கைக் கெடுப்பது குடிநீர் வாரியம் இல்லை, இந்த டாப்-அப் பழக்கம்தான். ஒவ்வொரு முறையும் பழைய பாக்கி புதுக் கடனுக்குள் போய், ஐந்து வருடக் கணக்கு மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்குகிறது. மூன்றாவது போருக்கு வாங்கினால் கடன் 7.7 லட்சம், இஎம்ஐ 17,900, அறுபது மாதம்.

கொழுந்தனாரிடம் இதை நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து பேசுங்கள். பெங்களூருக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. பாறை வெடிப்பில்தான் தண்ணீர் நிற்கும். இரண்டு இடத்தில் ஆயிரம் அடிக்குமேல் கிடைக்காதது அதே மனையில் மூன்றாவது இடத்தில் கிடைக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. போர் போட 2024 மார்ச் முதல் வாரியத்தின் அனுமதியும் வேண்டும். அவருக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தால் கடன் அவர் பெயரில் இருக்கட்டும். இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் சொல்லியாக வேண்டும். இதுவரை ஆன செலவில் அவர் பங்கு எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை, அதையும் கேளுங்கள்.

எஸ்ஐபி இப்போது வேண்டாம். ஒரே துறையை நம்பும் ஃபண்ட் எனக்கு எப்போதும் தயக்கம் தருவது. 14% வட்டி கட்டிக்கொண்டே அதில் பணம் போடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அந்த 5,000-ஐக் கடனில் கூடுதலாகக் கட்டுங்கள். மாதாமாதம் வாங்க வங்கி மறுத்தால் ஆறு மாதம் சேர்த்துக் கட்டுங்கள். பகுதிக் கட்டணத்துக்கு அபராதம் உண்டா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அப்போது மாதம் 17,800. மூன்றாவது போருக்கு ஆகிற அதே தொகைதான். அந்த வழியில் அறுபது மாதம், இந்த வழியில் ஏறக்குறைய முப்பத்திரண்டே மாதம். வட்டியிலும் 50,000 மிச்சம்.

உங்களுக்கு உண்மையில் வலிக்க வேண்டியது டாங்கர். 2024 தட்டுப்பாட்டில் மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த உச்ச விலையே, 5 கிலோமீட்டருக்குள், 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். லிட்டருக்கு 10 பைசா. காவிரித் தண்ணீர் முதல் 8,000 லிட்டர் வரை 1 பைசாகூட இல்லை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் வருடத்துக்கு 60,000 லிட்டருக்கு மேல் மழைநீர் பிடிக்கலாம். உங்கள் பத்து டாங்கர் அது. சம்ப் (தரைக்கடித் தொட்டி) சிறியதாக இருந்தால் காவிரி வருகிற நாளில் நிரப்பிக்கொள்ள இன்னொரு தொட்டி வையுங்கள். வறண்ட போர்களில் ஒன்றை மழைநீர் இறக்கும் குழியாக மாற்ற முடியுமா என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து காட்டுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவைக் கையிருப்பில் செய்யுங்கள், மாடி வீட்டோடு பாதிப் பாதியாக.