இரண்டாம் உலகப்போர் விமானிகள் இன்றைய போர் விமானிகளைவிடத் துணிச்சல் மிக்கவர்களா?

அவர்கள் எதிர்கொண்ட ஆபத்து மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதை வைத்தே அவர்களின் துணிச்சலும் பெரியது என்று முடிவுகட்டுவது சரியாகாது.

பிரிட்டனின் குண்டுவீச்சு விமானப் பிரிவில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஒரு பணிச்சுற்று என்பது வழக்கமாக 30 தாக்குதல் பயணங்கள். முந்தைய இரவில் திரும்பாத நண்பர்களின் கட்டில்கள் காலியாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டே அடுத்த பயணத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் வால்முனையில் துப்பாக்கியோடு அமர்ந்திருந்தவர் கடுங்குளிரில் பல மணி நேரம் தனித்திருந்தார். அவருடைய பாராசூட் பெரும்பாலும் அவர் அமர்ந்த கூண்டுக்கு வெளியே மாட்டப்பட்டிருந்ததால், விமானம் தீப்பற்றினால் பின்பக்கக் கதவைத் திறந்து, அதை எடுத்து அணிந்த பிறகே குதிக்க முடியும். 1943 அக்டோபர் 14 அன்று ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டைத் தாக்கப் புறப்பட்ட 291 அமெரிக்க விமானங்களில் 60 திரும்பவில்லை. பறக்க மறுத்த பிரிட்டிஷ் வீரர்மீது 'மனவுறுதி இல்லாதவர்' என்ற முத்திரை விழுந்தது. ஆகவே, சிலரைப் பறக்க வைத்ததில் அவமானத்தைப் பற்றிய அச்சத்துக்கும் பங்கிருந்திருக்கும்.

இன்றைய விமானிக்கு, ஆபத்தில் அவரை விமானத்திலிருந்து வெளியே உந்தித் தள்ளும் வெளியேற்று இருக்கையும், தொலைவிலிருந்தே தாக்கும் ஏவுகணையும் உண்டு. எனினும், 1991 வளைகுடாப் போரில் டொர்னாடோ என்ற போர் விமானங்களை ஓட்டிய பிரிட்டிஷ் விமானிகள் ஈராக்கின் ஓடுபாதைகளைத் தாக்க, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளின் சரமாரிக்கு நடுவே, இரவில் மிகத் தாழ்வாகப் பறந்தனர். சுட்டு வீழ்த்தப்பட்டவர்களில் சிலர் சிறைப்பட்டுத் துன்புறுத்தப்பட்டனர். வலுவான வான்பாதுகாப்பு உள்ள உக்ரைன் போர்முனையிலும், ஏவுகணைகளுக்குத் தப்ப இருதரப்பு விமானிகளும் தரையை ஒட்டியே பறக்க நேர்கிறது.