பழைய பிக்கப் வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நாமே இறக்கி மாற்ற முடியுமா? ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியுமா?

முதல் கேள்விக்கு, முடியும். இரண்டாவதற்கு, முடியாது. எனக்கு ஆறு வாரம் பிடித்தது.

எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்திருக்கும், கியர் உள்ளே விழ அடம்பிடிக்கும், "பேசாம இரும்புக்குப் போட்டுடு" என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வராது. எனக்கும் அப்படித்தான் ரோஷம் வந்தது.

நான் மெக்கானிக் இல்லை, கணக்கு எழுதுகிறவன். தொழில் தெரிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். உங்களிடம் லிஃப்ட் இருக்கிறது. என்னிடம் இருந்தது இரவல் வாங்கிய எஞ்சின் கிரேனும் நாலு ஸ்டாண்டும்தான்.

இரண்டையும் சேர்த்தே இறக்கினேன். தனித்தனியாக இறக்குவதுதான் முறை என்பவர்கள், வண்டிக்கு அடியில் படுத்து கியர்பாக்ஸை நெஞ்சில் வாங்க ஆள் வைத்திருக்கலாம். நாலு சிலிண்டர் டீசல் எஞ்சினும் கியர்பாக்ஸும் சேர்ந்தால் 250 கிலோ சர்வசாதாரணம். கிரேனில் தூக்கும்போது கியர்பாக்ஸ் இருக்கும் வால் பக்கம் கீழே சாய்ந்தபடிதான் மேலே வரும். பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் பிராப்பெல்லர் ஷாஃப்ட்டைக் கழற்றிய ஓட்டை வழியாக கியர் ஆயில் அப்படியே கொட்டும். முன்பே வடித்துவிடுங்கள். நான் வடிக்காமல் இரண்டு நாள் தரையைத் துடைத்தேன்.

ஆனால் இறக்கியது ஒன்றுமே இல்லை. மாற்று எஞ்சினையும் கியர்பாக்ஸையும் தரையில் வைத்துப் பூட்டும்போதுதான் சனி பிடித்தது. பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் முன்னால் மணி மாதிரி விரிந்திருக்கும் கூடு) எஞ்சினுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. எவ்வளவு தள்ளியும் போகவில்லை. "போல்ட்டைப் போட்டு இழுங்க மச்சான், தானா உக்காந்துக்கும்" என்றான் என் மைத்துனன். இரண்டு சுற்று இறுக்கினேன். 'டிக்' என்றது. பெல் ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காது ஒன்று விரிசல் விட்டுவிட்டது. அலுமினியம், வேறென்ன செய்யும்?

காரணம் கிளட்ச் பிளேட். அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது கிளட்ச் பிளேட் நடுவில் நிற்கவில்லை. கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பிளேட்டின் பல்லுக்குள் புகுந்து, பிறகு ஃப்ளைவீல் (எஞ்சினின் பின்னால் சுழலும் கனமான சக்கரம்) நடுவே, ஷாஃப்ட்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங்குக்குள் போக வேண்டும். பிளேட் ஒரு மயிரிழை இறங்கியிருந்தாலும் முனை பேரிங்கில் இடித்துக்கொண்டு நிற்கும். இதை நேர்ப்படுத்த ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி உண்டு. அது இல்லாமல் கண்ணளவில் வைத்தது என் திமிர். கையால் தள்ளியே இரண்டும் ஒட்ட வேண்டும். போல்ட்டால் இழுக்க வேண்டி வந்தால் உடனே கழற்றுங்கள். காதை வெல்டிங் வைத்துச் சரி செய்தேன். அப்போதே எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றியது ஒன்றுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

அதே மைத்துனன் என் டார்க் ரெஞ்சை வாங்கிப்போய், துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதன் மேல் பைப்பைச் செருகி ஏறி நின்றிருக்கிறான். அது அளந்து இறுக்குகிற கருவியடா! ஃப்ளைவீல் போல்ட்டுக்கு வேறொருவரிடம் கடன் வாங்க வேண்டியதாயிற்று. கல்யாண நகையை இரவல் கொடுத்தாலும் கொடுங்கள், டார்க் ரெஞ்சைக் கொடுக்காதீர்கள்.

எல்லாம் ஏற்றி முடித்துச் சாவியைத் திருப்பினால், செல்ஃப் மோட்டார் முனகியது. ஆக்சிலேட்டர் கேபிளிலிருந்து புகை. டீசல் எஞ்சினைச் சுற்ற அந்த மோட்டார் 200 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியாகக் கரண்ட் போகாது. சேஸிலிருந்து எஞ்சினுக்கு வரும் எர்த் பட்டையைப் பூட்ட மறந்திருந்தேன். கரண்ட் திரும்பிப் போக அந்த ஒல்லிக் கம்பிதான் கிடைத்தது. பட்டை கழற்றிய நாளில் வைத்த டப்பாவிலேயே பத்திரமாக இருந்தது. புதுக் கேபிள், பட்டை இரண்டும் போட்டதும் மூன்றாவது சுற்றில் பிடித்துக்கொண்டது.

உங்களுடையது ஆட்டோமேட்டிக் என்றால் கிளட்ச் கதை பொருந்தாது. கிளட்சுக்குப் பதிலாக இருக்கும் டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் பம்புக்குள் கடைசிவரை போய் உட்கார்ந்ததா என்று மட்டும் கட்டாயம் பாருங்கள். உட்காராமல் போல்ட்டை இறுக்கினால் பம்ப் உடையும். நான் செய்தது மேனுவல், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.