ஐராக் பந்தயம்: எல்லாருக்கும் ஒரே கார்! கேள்வி பதில்

அமெரிக்காவின் ஐராக் (IROC, சாம்பியன்களின் சர்வதேசப் பந்தயம்) என்ற கார்ப் பந்தயத் தொடர் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்குப் பதில்கள்.

கேள்வி: சார், எஃப்1, நாஸ்கார், இண்டி ஓட்டுநர்கள் எல்லாரும் ஒரே மாதிரி காரில் மோதினார்களாமே, நிஜமா?

நிஜம்தான். எஃப்1 என்பது உலக அளவிலான ஃபார்முலா ஒன். நாஸ்கார் அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயம், அதாவது சாலைக் கார் உருவில் செய்த பந்தயக் கார்கள். இண்டி அமெரிக்காவின் ஒற்றை இருக்கைக் கார்ப் பந்தயம். இவர்களை மோதவிட்ட ஐராக், பந்தய அணி உரிமையாளர் ரோஜர் பென்ஸ்கி, லெஸ் ரிக்டர், மைக் ஃபெல்ப்ஸ் மூவரும் சேர்ந்து தொடங்கியது. 1973 அக்டோபரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு தடத்தில் மூன்று பந்தயங்கள், 1974 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் டேட்டோனாவில் இறுதிப் பந்தயம். அழைப்பு வந்த 12 பேருக்கு மட்டுமே இடம். எஃப்1-இன் ஃபிட்டிபால்டி, ஹல்ம், நாஸ்காரின் ரிச்சர்ட் பெட்டி, இண்டியின் ஏ.ஜே. ஃபாய்ட் எல்லாரும் ஒரே வரிசையில் நின்றார்கள் என்றால் பாருங்கள்!

கேள்வி: என்ன கார்? ஒருவருக்கு நல்ல கார் மாட்டினால் என்ன செய்வது?

போர்ஷே 911 கரெரா ஆர்.எஸ்.ஆர்., மூன்று லிட்டர் எஞ்சின். 15 கார்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். டிவியில் பார்ப்பவர்களுக்கு எது யார் கார் என்று சட்டென்று தெரியும். யாருக்கு எந்தக் கார் என்பது குலுக்கலில் முடிவாகும். சொந்த மெக்கானிக்கைக் கூட்டிவந்து காரைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளும் பேச்சே கிடையாது.

கேள்வி: அப்படியென்றால் முதல் வருடம் ஜெயித்தவர்தான் உலகத்திலேயே சிறந்த ஓட்டுநரா அண்ணா?

அவசரப்படாதீர்கள் தம்பி. பட்டம் வென்றவர் மார்க் டோனஹியூ. நான்கில் மூன்று பந்தயங்கள் அவருக்கு, மிச்சம் ஒன்று ஜார்ஜ் ஃபால்மருக்கு. இந்த இரண்டு பேரும் யார்? கேன்-ஆம் என்ற அமெரிக்க-கனடா ஸ்போர்ட்ஸ் கார் தொடரில் 1972-இல் ஃபால்மரும் 1973-இல் டோனஹியூவும் பென்ஸ்கியின் போர்ஷேயில் பட்டம் வென்றவர்கள். அந்த 911-க்கு எஞ்சின் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்பக்கம் வெளியே வீசி வண்டி சுற்றிவிடும். காலை எடுக்காமல் சமாளிக்கப் பழகியிருக்க வேண்டும். முன்னால் எஞ்சின் உள்ள கனமான ஸ்டாக் காரிலேயே காலம் தள்ளிய நாஸ்கார்காரர் டேவிட் பியர்சனுக்கு அந்தப் பழக்கம் ஒரு வார இறுதியில் வந்துவிடுமா? எல்லாருக்கும் ஒரே கார் கொடுக்கலாம், ஒரே அனுபவத்தைக் கொடுக்க முடியாது. டோனஹியூ மகா திறமைசாலி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அந்தக் கார் அவருக்குப் பழகிய கார்.

கேள்வி: பிறகு காரை மாற்றிவிட்டார்களே?

இரண்டாம் சீசனிலேயே செவ்ரலே கமாரோ வந்துவிட்டது. பிற்பாடு டாட்ஜ், கடைசியில் போன்டியாக். என்னைக் கேட்டால் காரை விடத் தடம் மாறியதுதான் பெரிய விஷயம். போகப்போக பெரும்பாலும் ஓவல் தடங்களே, அதாவது இடப்பக்கமே திரும்பிச் சுற்றும் நீள்வட்டத் தடங்களே மிஞ்சின. 1988-இல் ஆல் அன்சர் ஜூனியர் வென்றதற்குப் பிறகு, கடைசி வரை பட்டம் முழுக்க நாஸ்கார்காரர்களுக்கே போனது. வலது பக்கம் திரும்பும் வளைவே இல்லாத தடத்துக்கு எஃப்1 ஓட்டுநரை அழைத்து என்ன பயன்? இது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: அதிகப் பட்டம் யாருக்கு?

மார்க் மார்ட்டின், ஐந்து. டேல் எர்ன்ஹார்ட், நான்கு.

கேள்வி: இறந்தவருக்குப் பட்டம் கொடுத்தார்கள் என்று படித்தேன். சரியா?

சரிதான். நாஸ்கார் ஓட்டுநர் டேவி அலிசன், 1993. ஜூலையில் ஹெலிகாப்டர் விபத்தில் காலமானார். மிச்சமிருந்த ஒரு பந்தயத்தை அவருக்காக டெர்ரி லபோன்டி ஓட்டினார், பட்டம் அலிசன் பெயருக்கே போனது.

கேள்வி: ஐரோப்பாவில் இப்படி ஏதும் நடக்கவில்லையா?

1979, 1980 இரண்டு வருடம் பி.எம்.டபிள்யூ எம்1 காரில் புரோகார் என்ற தொடர் நடந்தது. முதல் பட்டம் நிக்கி லாடாவுக்கு, அடுத்தது நெல்சன் பிக்கேவுக்கு. ஆனால் நீங்கள் தேடிப் பார்க்க வேண்டியது 1984 மே மாதம் ஜெர்மனியில் புது நூர்பர்க்ரிங் தடத்தின் திறப்பு விழாப் பந்தயம். எல்லாருக்கும் மெர்சிடிஸ் 190இ. லாடா, புரோஸ்ட், ஹண்ட், ரோஸ்பெர்க் என்று உலக சாம்பியன்கள் வரிசையாக நிற்க, எஃப்1-க்கு அந்த வருடம்தான் வந்திருந்த ஐர்டன் சென்னா எல்லாரையும் முந்தி ஜெயித்தார். லாடா இரண்டாவது.

கேள்வி: ஐராக் ஏன் நின்றது?

ஸ்பான்சர் கிடைக்கவில்லை. 2006-இல் டோனி ஸ்டூவர்ட் வென்றதோடு சரி.