பதவியைத் தூக்கிட்டா கணக்கு முடிஞ்சுதா?

கேள்வி: லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ங்கற அறிவியல் சங்கத்துல 2010-ல மூளை விஞ்ஞானி சூசன் கிரீன்ஃபீல்டை டைரக்டர் பதவியில இருந்து அனுப்பினாங்களே, கடனுக்காகவா, பெண்ங்கறதாலயா?
- ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: பெண்ங்கறதால பாகுபாடு காட்டினாங்கன்னு அவங்க கேஸ் கொடுத்தாங்க, அது வெளியிலயே பேசி முடிஞ்சிடுச்சு, தீர்ப்புன்னு ஒண்ணு வரவே இல்ல. வராத தீர்ப்பை நான் சொல்ல மாட்டேன். என்னை உறுத்துறது வேற.

1799-ல ஆரம்பிச்ச சங்கம் அது. விஞ்ஞானி ஃபாரடே ஒரு மெழுகுவர்த்தியை ஏத்தி வச்சுக்கிட்டு, அது எப்படி எரியுதுன்னு சொல்லியே பசங்களுக்கு கெமிஸ்ட்ரியைப் புரிய வச்ச இடம். அங்க 1998-ல முதல் பெண் டைரக்டரா வந்தவங்க கிரீன்ஃபீல்ட். பழைய கட்டிடத்தைப் புதுப்பிக்க 2 கோடியே 20 லட்சம் பவுண்ட் செலவு, அதுக்காக கையில இருந்த சொத்தையும் வித்தாங்க, ரெஸ்டாரண்ட் பார்னு போட்டு 2008-ல திறந்தாங்க, அந்த வருஷம்தான் உலகம் பூரா பேங்குகள் விழுந்துச்சு. கடன் கழுத்தை நெரிச்சுது. 2010 ஜனவரில, டைரக்டர் பதவியே இனி கிடையாதுன்னு அறிவிச்சுட்டாங்க.

இங்கதான் எனக்குக் கோபம் வருது. அவ்வளவு பணம் ஒருத்தர் கையெழுத்துல போகாதுங்க, சங்கத்தை நடத்துற கவுன்சில் ஒத்துக்கிட்டுத்தான் போகும். ஒரு ஆளை நீக்கணும்னா அவங்க செஞ்ச தப்பு இதுன்னு சொல்லணும், அவங்க பதிலைக் கேக்கணும், அப்ப கவுன்சில் பண்ணினதும் வெளிய வந்துடும். பதவியையே எடுத்துட்டா இந்தத் தொல்லை எதுவும் இல்ல.

ஏப்ரல்ல சிறப்புக் கூட்டம் போட்டு, கவுன்சிலை மாத்தி அவங்களைத் திரும்பக் கொண்டு வரணும்னு ஆதரவாளர்கள் கேட்டாங்க, பெரிய வித்தியாசத்துல தோத்துட்டாங்க. உறுப்பினர்களே சொல்லிட்டாங்களே அப்புறம் என்னன்னு கேப்பீங்க. நான் ஒத்துக்க மாட்டேன். கவுன்சில் மேல கோபம், ஆனா கிரீன்ஃபீல்டும் திரும்ப வர வேண்டாம்னு நினைச்சவர் அன்னைக்கு எந்தப் பக்கம் கை தூக்குவார்? ரெண்டு விஷயத்தையும் ஒரே முடிச்சா போட்டது ஆதரவாளர்கள் செஞ்ச தப்பு.

சரி, பதவியை எடுத்ததால கடனாவது தீர்ந்துச்சா? 2013-ல அந்தக் கட்டிடத்தையே விக்கற பேச்சு வந்துச்சு, பேர் சொல்லாத ஒருத்தர் 44 லட்சம் பவுண்ட் கொடுத்துத்தான் மூச்சு வந்துச்சு. 2017-ல சாரா ஹார்ப்பரை டைரக்டரா நியமிச்சாங்க. வேண்டவே வேண்டாம்னு எடுத்த அதே பதவிக்குத்தான், ஏழே வருஷத்துல.